நான் தேர்தலில் நிற்கவில்லை

தேர்தலில் நிற்கப்போகிற விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் தமிழ்மாறன் காதுக்கு வந்தது. அதுவும் பாதிச் சவரத்தில்.

"எலெக்சனுக்கு ரெடி ஆயிட்டீங்க போலருக்கே" என்றான் சலூன் மகேஷ், வலது கன்னத்தை முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்தபடி.

"யாருடா?"

"ஒண்ணும் தெரியாத மாதிரியே கேக்குறீங்க பாருங்க, அதாண்ணே அரசியல்."

"நான் எந்த எலெக்சன்லயும் நிக்கல."

"சரிண்ணே, நிக்கல" என்று மகேஷ் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தான். "தேதி அறிவிக்கிற வரைக்கும் வெளிய மூச்சு விடக் கூடாது. அது எனக்குத் தெரியாதா?"

இலுப்பைக்குளம், அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிற சின்னப் பேரூராட்சி. அங்கே இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் வேறு யாராக இருந்தாலும் உள்ளுக்குள் பூரித்து, வெளியே இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை வெள்ளை வேட்டி எடுக்கக் கிளம்பியிருப்பார்கள். தமிழ்மாறன் பூரிக்கவில்லை. இடது கன்னத்துச் சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டான். பாவம், அவன் கவலை அவனுக்கு.

முப்பத்திரண்டு வயதில் அவனுக்குப் படிப்பின் மேல் ஆசை வந்திருந்தது. எட்டு வருடமாக சிமென்ட் ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ஹெல்மெட் போடாதவர்களைத் திட்டுவதுதான் அந்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகிற வழியில் ஒரே தெருவைக் குடிநீருக்கு ஒரு தரம், சாக்கடைக்கு ஒரு தரம், கேபிளுக்கு ஒரு தரம் தோண்டுவதைப் பார்த்துப் பார்த்து, இதையெல்லாம் யார்தான் தீர்மானிக்கிறார்கள் என்று அவன் மண்டை காய்ந்தது. அதை ஒரு நாள் செல்போனில் தட்டிப் பார்த்தபோது, சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகம் நகர்ப்புறக் கொள்கைக்கும் தலைமைத்துவத்துக்கும் சேர்த்து இரண்டு வருட முதுகலைப் படிப்பு நடத்துவது தெரியவந்தது.

"அதப் படிச்சா என்ன வேலங்க கெடைக்கும்?" என்று கேட்டாள் மனைவி ஜெயசித்ரா. அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர்.

"மாநகராட்சிக்கு ஆலோசகரா போலாம். நகரங்களுக்குக் கொள்கை வகுக்கலாம். உலக வங்கி வரைக்கும் வழி இருக்கு."

"நம்ம தெரு தண்ணித் தொட்டியக் கழுவ ஆள் அனுப்பச் சொல்லணும்னா, அதுக்கும் அதுல பாடம் இருக்கா?"

"அதுக்குப் பேரு சேவை வழங்கல். மூணாவது செமஸ்டர்ல வருது."

சென்னையில் வீடு பார்த்து இரண்டு பேரும் போய்விடலாம் என்று அவன் சொன்னதற்கு ஜெயசித்ரா, "பாப்போம்" என்றாள். தமிழ்மாறன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் எடுத்துக்கொண்ட சம்மதங்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

எழுத்துத் தேர்வில் தேறினான். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் வைத்து நடந்த நேர்காணலிலும் தேறினான். முழு உதவித்தொகையோடு இடம் என்று கடிதம் வந்ததும், அன்றைக்கே ஆலை வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தது அதற்குப் பிறகுதான்.

சேருவதற்கு முன் உங்கள் சொந்த வார்டில் நூறு வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். மக்களோடு சேர்ந்து ஒரே ஒரு பிரச்சினையையாவது தீர்த்துக் காட்ட வேண்டும். அதற்கு வார்டு கவுன்சிலரிடம் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். எங்கள் அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். எல்லாவற்றுக்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: தேர்தலில் போட்டியிடுகிறவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது.

அந்தக் கடைசி வரியை அவன் சிரித்துக்கொண்டேதான் படித்தான். ஆனால் இலுப்பைக்குளத்தில் ஒருவன் குனிந்து சாக்கடையைப் பார்த்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, செருப்பு விழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்தல் வந்திருக்க வேண்டும். தமிழ்மாறன் காலில் செருப்பு இருந்தது.

மூன்று வாரமாக அவன் ஒன்பதாவது வார்டில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தான். சாயங்கால நேரத்தில் ஓர் ஆண் தனியாக வந்து கதவைத் தட்டினால் பெண்கள் பேச யோசிப்பார்கள் என்பதால், கடை முடிந்ததும் ஜெயசித்ராவைத் துணைக்கு அழைத்துக்கொண்டான்.

"உங்கள் பகுதியின் உட்கட்டமைப்புச் சவால்களை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்துங்கள்" என்று படிவத்தைப் பார்த்து வாசிப்பான்.

இட்லிக்கடை ஆண்டாயி அந்தக் கேள்விக்கு அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள். பசி மயக்கத்தில் ஏதோ பேசுகிறான் என்று நினைத்துவிட்டாள் போல.

"தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருதுக்கா?" என்று ஜெயசித்ரா கேட்டாள்.

அவ்வளவுதான், ஆண்டாயி கால் மணி நேரம் நிறுத்தவில்லை. கடைக்கோடித் தெருவுக்குப் பத்து நாளாகத் தண்ணீர் ஏறவில்லை என்பதில் ஆரம்பித்து, மருமகளின் ரத்த அழுத்தம் வரைக்கும் போனது. எல்லா வீட்டிலும் இதே கதைதான். தமிழ்மாறன் மாய்ந்து மாய்ந்து எழுதினான். நடுவில் ஜெயசித்ரா தள்ளிப் போய் யாருக்காவது போன் பேசுவாள். படிவத்தில் இல்லாத இந்தக் கிளைப்பேச்சுகளால் ஒரு நாளைக்கு ஆறு வீட்டுக்கு மேல் முடிக்க முடியவில்லையே என்று அவனுக்கு உள்ளூர எரிச்சல்.

தீர்க்க வேண்டிய பிரச்சினையாகக் கடைக்கோடித் தெருத் தண்ணீரையே எடுத்துக்கொண்டான். பிரேசிலில் ஒரு நகரம் என்ன செய்தது என்பதிலிருந்து தொடங்கி ஒரு திட்ட அறிக்கை எழுதினான். பதினோராவது பக்கம் எழுதிக்கொண்டிருந்தபோது எப்படியோ தண்ணீர் வந்துவிட்டது. பதினோரு பக்கத்தோடு முடித்து, 'தீர்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இப்படி எல்லாம் கூடி வருகிற நேரத்தில்தான் மகேஷ் கத்தியைத் துடைத்துக்கொண்டே குண்டைப் போட்டான்.

சலூனிலிருந்து நேராகக் கவுன்சிலர் கண்ணையன் வீட்டுக்குப் போனான். கண்ணையன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். அவன் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்த சான்றுக் கடிதத்தை வாங்கிப் படித்தார், மடித்தார், திருப்பி அவன் கையிலேயே கொடுத்தார்.

"கையெழுத்துதானே தம்பி, கண்ண மூடிட்டுப் போடுறேன். ஆனா எலெக்சன் வெசயம் ஒண்ணு கேள்விப்பட்டேன். பத்து வருசமா இந்த வார்டு எங்க குடும்பத்துக் கையில இருக்கு. நாங்க ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம்னு நின்னா நல்லாவா இருக்கும்?"

"அண்ணே, அது சுத்தப் பொய்ண்ணே. நிக்கவே மாட்டோம்."

"நீங்க சொல்லிட்டா போதுமா? வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

தமிழ்மாறனுக்குச் சுருக்கென்றது. "இதுல வீட்டக் கேக்க என்னண்ணே இருக்கு? எங்க வீட்ல முடிவெடுக்குறது நான்தான்."

கண்ணையன் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு மாதிரியான இரக்கம்தான் இருந்தது. முறுக்குத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

வாய்வார்த்தை போதாது என்று புரிந்துகொண்ட தமிழ்மாறன், மறுநாள் அரியலூருக்குப் பஸ் ஏறினான். கோர்ட்டுக்கு எதிரில் இருபது ரூபாய்ப் பத்திரம் வாங்கி, 'தமிழ்மாறன் ஆகிய நான் வரவிருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டிலும் போட்டியிட மாட்டேன் என்று சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்' என்று தட்டச்சு செய்து, நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கி, சாயங்காலம் கண்ணையன் முன்னால் நீட்டினான்.

கண்ணையன் படித்தார். படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இத வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? இதுல நீங்க ஒருத்தருதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அடடா, சாட்சிக் கையெழுத்தை மறந்துவிட்டோமே என்று தமிழ்மாறன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓடிப்போய் மகேஷிடம் ஒரு கையெழுத்தும் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கையெழுத்தும் வாங்கி வந்தான். அதற்குள் கண்ணையன் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் பத்திரம் வரைக்கும் விவகாரம் போய்விட்டதாக ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜெயசித்ரா, சாப்பாடு போட்டுக்கொண்டே.

"இரு, நான் சொல்றதக் கேளு. நான் மொகத்தக் காட்டுறதாலதான் இந்தப் பேச்சே வருது. பாக்கி இருக்கிற முப்பது வீட்டுக்கு இனிமே நான் வரல. நீ மட்டும் போய் முடிச்சிட்டு வந்துடு."

"நான் மட்டும் போனா பேச்சு கொறையும்னா நெனக்கிறீங்க?"

"கண்டிப்பா கொறையும். இதெல்லாம் ஒரு உத்தி, உனக்குப் புரியாது."

ஜெயசித்ரா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் அவள் ஒருத்தியாகவே பாக்கி முப்பது வீட்டையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டு வந்தாள். அதில் தமிழ்மாறனுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான், ஆனால் பேச்சு குறையவில்லை. அடுத்த நாள் காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நான்கு பேர் கும்பிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் எந்தச் சின்னம் என்று விசாரித்தார். வேட்புமனுத் தாக்கலுக்கு என் வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வேன் டிரைவர் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தமிழ்மாறன் பொறுமை இழந்தான். வார்டு வாட்ஸ்அப் குழுவில், அதாவது முந்நூறு பேர் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிற குழுவில், பத்திரத்தைப் படம் எடுத்துப் போட்டு அதற்குக் கீழே எழுதினான்: 'தமிழ்மாறன் ஆகிய நான் தேர்தலில் நிற்கவில்லை. நிற்கவே மாட்டேன். தயவுசெய்து நம்புங்கள்.'

பத்து நிமிடத்தில் அறுபத்தேழு பேர் கைகூப்பினார்கள்.

'தெரிஞ்ச வெசயத்த எதுக்குண்ணே போடுறீங்க' என்று மகேஷ் எழுதினான். 'பெரிய மனசுக்காரர்' என்றார் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர். முகம் தெரியாத ஒருவர், 'அண்ணன் மாதிரி எல்லாரும் இருந்தா நாடு முன்னேறும்' என்று ரோஜாப் பூவோடு போட்டிருந்தார்.

கிண்டல் செய்கிறார்கள் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையிலேயே கலங்கியது. எட்டு வருடம் புழுதியில் நின்றவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை ஆசைப்பட்டான். அது கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நிற்கும்போது ஊரே சேர்ந்து தட்டிவிடுகிறதே என்று, செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் செருப்புச் சத்தம். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஏழெட்டுப் பெண்கள், தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு சால்வையோடு வந்திருந்தார்கள். முன்னால் நின்றது ஆண்டாயி.

"மொறையா வந்து கேக்கணும்னு வந்திருக்கோம் தம்பி" என்றாள். "நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், மத்தத நாங்க பாத்துக்குறோம்."

"அக்கா, முடியாது. சத்தியமா முடியாது. நான் சென்னைக்குப் படிக்கப் போறேன்."

"நீங்க தாராளமா போயிட்டு வாங்க தம்பி. அதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

தமிழ்மாறன் திகைத்துப்போனான். சென்னையில் உட்கார்ந்திருக்கிறவனைக் கவுன்சிலராக்கத் தயாராக இருக்கிறார்களே, இந்த வார்டின் குடிமை உணர்வு இவ்வளவு கீழே போய்விட்டதா என்று அவனுக்குள் இருந்த முதுகலை மாணவன் வேதனைப்பட்டான். இதை ஒரு குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது.

"ஊருல இல்லாத ஆளுக்கு யாராவது ஓட்டுப் போடுவாங்களாக்கா?"

"ஊருல இல்லாம எங்க போவுது? இங்கதானே இருக்கப் போவுது" என்றாள் ஆண்டாயி குழம்பிப்போய்.

சமையலறையிலிருந்து ஜெயசித்ரா டீத் தட்டோடு வந்தாள். "என்னங்க, நானே ஒரு வார்த்த பேசிடுறேன்..."

"நீ பேசாத சித்ரா. இத நான் முடிக்கிறேன்" என்று அவளைத் தடுத்துவிட்டு, கைகூப்பி, "தயவுசெஞ்சு எல்லாரும் போயிட்டு வாங்க" என்றான்.

பெண்கள் டீயைக் குடித்தார்கள். ஜெயசித்ராவைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், தாம்பாளத்தை மட்டும் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

"கேட்டுத்தான் பாருங்களேன், நான் என்ன சொல்ல வரேன்னு" என்றாள் ஜெயசித்ரா.

"நாளைக்கு யூனிவர்சிட்டியிலேந்து அந்த மேடம் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் ஒரு மணி நேரம் உக்காந்து நீ சொல்றத அப்படியே கேக்குறேன்."

சனிக்கிழமை காலையில் பல்கலைக்கழக அலுவலர் அபிநயா வந்து இறங்கினாள். முதுகில் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக, தமிழ்மாறனைவிட நான்கைந்து வயது சின்னவள். பெரம்பலூரில் இதே படிப்புக்கு இடம் கிடைத்த வேறு இரண்டு பேருடைய வார்டை முந்தின நாளே பார்த்து முடித்துவிட்டு வருகிறாளாம். ஜெயசித்ரா கடைக்குப் போயிருந்தாள். தமிழ்மாறன் நூறு படிவங்களையும் பதினோரு பக்க அறிக்கையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளைக் கடைக்கோடித் தெருவுக்கு அழைத்துப் போனான்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அபிநயா புன்னகைத்தாள். ஒரு நிமிடத்துக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

"வேலை நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாள். "ஆனா கவுன்சிலர் லெட்டர் இல்லையே. நானே அவருக்குப் போன் பண்ணேன். எலெக்சன்ல எதிர்த்து நிக்கிற வீட்டுக்கு எப்படிங்க கையெழுத்துப் போடுறதுன்னு கேக்குறாரு. நீங்க நிக்கிறதா இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார். ரூல் அப்படி."

"மேடம், பொய் மேடம். பத்திரம் எழுதி வெச்சிருக்கேன். குரூப்ல போட்டிருக்கேன். இதுக்காக வேலையவே விட்டுட்டேன் மேடம்." படிவக் கட்டை அவளிடம் நீட்டினான். "இந்த சீட்டு போச்சுன்னா திரும்பிப் போக எனக்கு எடமில்ல."

அபிநயாவுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள்.

"நீங்க சொல்றதையும் வேணாம், கவுன்சிலர் சொல்றதையும் வேணாம். ஜனங்க என்ன சொல்றாங்களோ அதை எழுதிக்கறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தமிழ்மாறன் நான்கடி தள்ளி, வேப்ப மரத்தடியில் போய் நின்றான். கை தன்னால் கும்பிட்டுக்கொண்டது. குழாயடியில் ஐந்தாறு பெண்கள் குடம் வைத்திருந்தார்கள். அபிநயா நேராக ஆண்டாயியிடம் போனதைப் பார்த்ததும், நேற்று தாம்பாளத்தோடு வந்தவளாயிற்றே என்று அவனுக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. உண்மையச் சொல்லுங்க" என்றாள் அபிநயா, பேனாவைத் திறந்துகொண்டு. "அந்தா நிக்கிறாரே தமிழ்மாறன் சார், அவரு இந்த எலெக்சன்ல நிக்கிறாரா?"

ஆண்டாயி நிரம்பிய குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு எப்படிம்மா நிக்க முடியும், இந்தத் தடவ இது பொம்பளைங்க வார்டாச்சே? நாங்க நிறுத்துறது மெடிக்கல் ஷாப்பு ஜெயசித்ராவ, இவரு அந்தப் பொண்ணு கூட நோட்டுத் தூக்கிட்டு வந்தவரு."